மத்தியான மீன்

ஆகஸ்ட் 18, திங்கள்

புஷ்பம் நேற்று ரயில் ஏறிவிட்டாள். சென்னை போய், அங்கிருந்து ஹைதராபாத். மகள் சுபாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். கூட இருந்து பார்த்துவிட்டு நவம்பர் 16 காலை இங்கே வந்து இறங்குவதாகப் பேச்சு. போக வர டிக்கெட் நானே போட்டுக் கொடுத்தேன். பெட்டியில் ஏறும்போது வலது காலை இன்னும் இழுக்கிறாள். போன வருஷம் குளியலறையில் விழுந்து பிளேட் வைத்த கால். நடக்க நடக்கச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார்.

டைரி எழுதுவது என் பழக்கம் இல்லை. லாரி ஆபீஸ்காரர் வருஷா வருஷம் ஒன்று தருவார், உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கிடக்கும். இதை அவள்தான் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். "தொட்டியப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க. எழுதணும்னாவது அதத் திரும்பிப் பாப்பிய."

தொட்டி என்பது ஹாலில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டி. கடல் மீன் தொட்டி. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் செய்கிறவன் வீட்டில், பாக்கெட்டில் வரும் வெளிநாட்டு உப்பைக் கரைத்து மீன் வளர்க்கிறோம் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம் உப்பைப் போட்டால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "அது ரசத்துக்கு" என்றாள்.

உள்ளே இரண்டு கோமாளி மீன். எதைப் போட்டாலும் தின்னும். மூன்றாவதுதான் அவள் உயிர். லெப்பர்டு ராஸ் என்பது கடைக்காரன் வைத்த பெயர், பவுனு என்பது அவள் வைத்தது. விரல் நீளம், வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி. வாங்குகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஒரு மாதம் தாங்காத சாதியாம். இவளிடம் இரண்டு வருஷமாக இருக்கிறது. பொழுது சாய்ந்தால் மணலுக்குள் புதைந்து தூங்கும்.

அவள் சொல்லிப் போனவை: லைட் காலை பத்திலிருந்து மாலை ஆறு. வலை மூடியைத் திறந்து போடக் கூடாது, குதித்துவிடும். தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு நிற்கும். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மணலைத் தொடவே கூடாது. இரை மத்தியானம், கொஞ்சம் கொஞ்சமாக.

"மத்தியானம் நான் எங்க வீட்ல இருக்கேன்?"

"தெரியும்" என்றாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்ணீர் ஊற்றினேன். லோடு மூன்று, பாலக்காட்டுக்கு.

ஆகஸ்ட் 21, வியாழன்

லைட் டைமரை மாற்றி வைத்தேன். நான் ஏழு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிறது. பூட்டிய வீட்டில் பகலெல்லாம் லைட் எரிந்து யாருக்கு லாபம்? மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து என்று வைத்தேன். கரண்டும் அவ்வளவேதான் ஆகும், நானும் பார்த்த மாதிரி இருக்கும். இரையையும் ராத்திரியே போடுகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பவுனைக் காணவில்லை. லைட் பளீரென்று எரிகிறது. கோமாளிகள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு வருகின்றன, அதை மட்டும் காணோம். இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

புஷ்பம் போனில் முதல் கேள்வியே அதுதான். "பவுனு சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"மத்தியானமா?"

"ஆமா புஷ்பம், மத்தியானந்தான்" என்றேன். வாங்க வந்தவனிடம் சரக்கு ஈரமில்லை என்று சொல்லிப் பழகிய வாய்.

செப்டம்பர் 3, புதன்

அவளுடைய நூல் சேலைகளை அனுப்பச் சொன்னாள். அங்கே மழையாம், கொண்டுபோனது பற்றவில்லையாம். பாலிதீன் சுற்றி, சாக்குத் தைத்து அனுப்பினேன். நான் கட்டிய பார்சல் இதுவரை பிரிந்ததில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். கிட்டங்கியில் எல்லோருக்கும் லட்டு. புஷ்பம் போட்டோ அனுப்பியிருந்தாள். மூக்கு என் அம்மா மூக்கு.

"எப்ப வாரிய பாக்க?"

"சீசன் முடியட்டும். மழை விழுந்தா உப்புப் பாத்தியில வேலை கெடையாது, அப்ப வாரேன்."

"சுபா பொறந்தப்பவும் இதத்தான் சொன்னிய" என்று சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

மீன் செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். கரண்டிக் காம்பை மணலுக்குள் விட்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கிண்டிப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். செத்ததைக் கோமாளிகள் தின்றிருக்கும். தொடக்கூடாது என்றாள்தான். ஆனால் இருப்பு தெரியாமல் ஒரு கிட்டங்கியை எத்தனை நாள் பூட்டி வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

சென்னையில் ஒரு மீன் வியாபாரியைப் பிடித்தேன். பவுனின் பழைய போட்டோவை அனுப்பி, இதே மாதிரி, இதே அளவு வேண்டும் என்றேன்.

"சார், இது ஈஸியா நிக்கிற மீன் இல்ல சார். ஏற்கெனவே வளத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருசமா வீட்ல நிக்கி. ஜோடிக்குக் கேக்கேன்."

"தொட்டி பெருசா? பாறையில இருக்கிற பொடிப் பூச்சியத்தான் சார் இது பாதி நேரம் மேயும். ரெண்டுக்குப் பத்தாது."

"நீங்க அனுப்புங்க தம்பி" என்றேன். சரக்கை விற்கிறவன் ஏன் இத்தனை யோசிக்கிறான்?

செப்டம்பர் 14, ஞாயிறு

விடியற்காலை ஆம்னி பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி வந்தது. பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அந்தப் பையன் சொன்னபடியே செய்தேன். விட்ட உடனே போனில் படம் எடுத்தேன். ஒரு சுற்று நீந்தியது, தலைகீழாகச் சாய்ந்தது, மணலுக்குள் போய்விட்டது. எனக்கு அந்த ஒரு சுற்றே போதும். புஷ்பத்துக்கு அனுப்பிவிட்டு, சிக்னல் சரியில்லை, வீடியோ கால் வேண்டாம் என்று எழுதினேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "நல்லா கொழுகொழுன்னு இருக்கா."

நிம்மதி. கறிக்கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

விசித்திரம். அதற்கப்புறம் புஷ்பம் மீனைப் பற்றிக் கேட்பதே இல்லை. பேத்தி குளித்தாள், பேத்தி சிரித்தாள், எனக்குச் சுகர் எவ்வளவு என்று மட்டும் பேச்சு. நானாகச் சொன்னேன், பவுனு ஜோராக இருக்கிறாள் என்று.

"சரிங்க" என்றாள்.

புதுச்சரக்கையும் நான் திரும்பப் பார்க்கவில்லை. இந்த இனமே அப்படித்தான் போல.

அக்டோபர் 9, வியாழன்

இன்று அனுப்பியது: இடியாப்ப உரல், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், கால் ஆபரேஷன் பைல், எக்ஸ்ரே. அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறாளாம். எக்ஸ்ரே மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினேன்.

பீரோவில் அவள் பக்கம் கையை விட்டால் பலகை தட்டுகிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தீபாவளிக்கு ஒரு எட்டு வந்து போவாள் என்று நினைத்தேன். பிள்ளைக்குச் சளியாம். கிட்டங்கி ஆட்களுக்கு வேட்டி, சேலை, பலகாரம் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் தண்ணீர். இந்த வருஷ உப்பு வாருதல் முடிந்தது.

அக்டோபர் 29, புதன்

இன்று கடையடைப்பு. எதற்கு என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. சங்கத்தில் சொன்னார்கள், பூட்டினோம். பத்து மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டேன். பகலில் இந்த வீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறதோ. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் தொட்டிமேல் நேராக விழும் என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பேப்பரிலிருந்து நிமிர்ந்தேன். பாறை ஓரம் ஒரு புள்ளி மீன். அட, புதுச்சரக்கு உயிரோடு இருக்கிறதே என்று எழுந்து போனேன்.

பின்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது.

நான் கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டேன். ஒன்று கொழுத்தது. மற்றது வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி மெலிந்தது. அதன் வால் மேல்நுனியில் ஒரு சின்ன வெட்டு. பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதே வெட்டு. பவுனு.

சாகவே இல்லை. இங்கேதான் இருந்திருக்கிறது. நான் கிளம்பிப் போனபிறகு எழுந்து, நான் வருவதற்கு முன்னால் படுத்திருக்கிறது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பவுனு பாறையில் பொடுக் பொடுக்கென்று எதையோ கொத்திக்கொண்டே இருக்கிறது, கண் இரண்டையும் தனித்தனியாக உருட்டிக்கொண்டு. பவுனு கொத்தப் போகிற இடத்துக்கெல்லாம் கொழுத்தது குறுக்கே வந்து விரட்டுகிறது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தலைக்கு மேலே லைட் அப்படி எரியும்போதே, பவுனு ஒரு மூலைக்குப் போய் அங்கேயும் இங்கேயும் மோப்பம் பிடித்தது. ஒருக்களித்துச் சாய்ந்து ஒரே உதறல். மணல் மூடிக்கொண்டது. நான் டைமரைத் திருகியதை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

போன் போட்டேன். மறைக்க முடியாது, மறைக்கவும் தோன்றவில்லை.

"புஷ்பம், பவுனு இருக்கா."

"என்னது?"

"செத்துட்டான்னு நெனச்சேன். அதான் வேற ஒண்ணு வாங்கி விட்டேன். இப்பப் பாத்தா ரெண்டும் நிக்கி."

 "இருக்காளா?" என்று கேட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

"மெலிஞ்சிட்டா."

"அது பவுனு இல்லேன்னு அன்னிக்கே தெரியும். வாலு முழுசா இருந்துச்சே. அவ போயிட்டான்னு நானா ஒரு வாரம் அழுது முடிச்சேன். நீங்க என்னைக்காவது சொல்லுவியன்னு பாத்தேன்."

"நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"ஒண்ணு போனா அதே மாதிரி ஒண்ணு. உங்களுக்கு அது சரியாத்தான் இருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "அவ நெதம் மத்தியானம் எந்திரிச்சு, சுத்திட்டு, படுத்துருக்கா. வீட்ல யாராவது இருந்தாத்தான தெரியும்? நான் விழுந்து கெடந்ததே உங்களுக்கு ராத்திரி வந்துதான தெரிஞ்சுது."

அன்றைக்கு மூன்று லாரி வரிசையில் நின்றது. போன் சத்தமில்லாமல் கிடந்தது. இதையெல்லாம் அப்போதே அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு" என்றேன்.

"அந்தத் தொட்டியில ஒருத்திக்குத்தான் இரை இருக்கு. பாறையில உள்ள பூச்சி தீந்துபோச்சுன்னா ரெண்டும் போயிரும். உயிருள்ள இரை வேணும். நான்தான் கேட்டுட்டே இருந்தேனே, உங்க பாத்தித் தண்ணியில செவப்பா நெளியுமே பொடிப் பூச்சி, ஒரு சொம்பு கொண்டாங்கன்னு."

கேட்டாள்தான். இரண்டு வருஷமாகக் கேட்டாள். உப்பு முதலாளி சொம்பில் பூச்சி பிடித்துக்கொண்டு வருவதா என்று இருந்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

விடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். அளத்துக் கணக்கர் ஏசுவடியான் குடையோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"செவப்புப் பூச்சி."

"இப்பம் ஏது அண்ணாச்சி? தண்ணி உப்பேறி உறைப்பா இருந்தாத்தான அது நிக்கும். கோடையில வந்திருந்தா அண்டா அண்டாவா அள்ளியிருக்கலாம். பாத்தியே செவந்துல்லா கெடந்துச்சு."

மழை எல்லாவற்றையும் நல்ல தண்ணீராக்கி வைத்திருக்கிறது. வரப்பில் நின்று பார்த்தால் வானமும் பாத்தியும் ஒரே சாம்பல். கடைசியில் பம்ப் செட் பக்கம், மூடி போட்ட பழைய சிமென்ட் தொட்டி ஒன்றில் உறைப்புத் தண்ணீர் மிச்சம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, துணியில் வடித்து, ஒரு டம்ளர் அளவு கிடைத்தது. ஏசுவடியான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச் அடித்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து விட்டேன். பவுனு தின்றது. கண்ணால் பார்த்தேன்.

நவம்பர் 1, சனி

டைமரைப் பழையபடி பத்து, ஆறு என்று வைத்துவிட்டேன். மத்தியானம் பன்னிரண்டுக்கு வீட்டில். கொழுத்ததைப் பிடித்து வேறு தொட்டியில் போடப் பார்த்தேன். வலையைக் கண்டாலே மணலுக்குள் போய்விடுகிறது. மணலைத் தோண்டினால் பிடிக்கலாம். எது எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாமல் தோண்ட முடியாது.

நவம்பர் 4, செவ்வாய்

சிமென்ட் தொட்டியில் பூச்சி தீர்ந்தது. சொட்டுச் சொட்டாக வடித்து, கடைசி அரை டம்ளர். பாதிக்கு மேல் கோமாளிகள் தின்றுவிட்டன. அந்தக் கோமாளிகளை வெட்டிப் போடலாம் என்று ஆத்திரம் வருகிறது.

கிட்டங்கியில் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லை, மத்தியானம் படுக்கப் போகிறார் என்று பேச்சு. போகட்டும்.

நவம்பர் 8, சனி

சுபா பேசினாள். "ப்பா, அம்மா இங்கயே இருக்கட்டும்."

"பிள்ளைக்கு இன்னும் ஒரு மாசம் ஆவணும்னா சொல்லு, டிக்கெட்ட மாத்திருவோம்."

"ஒரு மாசம் இல்லப்பா. அம்மாதான் சொல்லச் சொன்னா. அவளுக்கு உங்ககிட்டச் சொல்ல முடியல."

"நான் என்ன செஞ்சேன்? குடிச்சேனா? கை நீட்டுனேனா? எந்தக் குறை வச்சேன்?"

"ஒண்ணுமே செய்யலப்பா" என்றாள் சுபா. நல்ல மாதிரிதான் சொன்னாள். 

பவுனு இன்று பன்னிரண்டரைக்கு எழுந்தது. அரை மணி நேரம்கூட நீந்தவில்லை. பாறையில் சாய்ந்துகொண்டு கிடந்துவிட்டு, மத்தியானமே மணலுக்குள் போய்விட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வரவில்லை. கொழுத்தது மட்டும் சுற்றுகிறது. அதுவும் இப்போது அவ்வளவு கொழுப்பாக இல்லை.

நவம்பர் 13, வியாழன்

ஃப்ரீசரில் உறைந்து கிடந்த இரையைக் கத்தியால் தூளாக நறுக்கி மத்தியானம் மூன்று தடவையாகப் போட்டேன். புஷ்பம் இப்படித்தான் செய்வாளாக இருக்கும். நறுக்கும் பலகையில் அவள் கத்தி போட்ட கோடுகள் இருக்கின்றன.

கரண்டி கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. தொடவில்லை. போன தடவை செத்துவிட்டது என்று முடிவு கட்டிக் கிண்டியபோது அது உயிரோடு உள்ளே இருந்திருக்கிறது. எங்கேயோ ஒதுங்கித் தப்பியிருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

டிக்கெட்டை நான் கேன்சல் செய்யவில்லை. பணம் திரும்ப வந்திருக்கும், இருந்தாலும் செய்யவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நேரத்துக்கு வந்தது. அவள் பெட்டி நிற்கிற இடத்தில் நின்றேன். ஒரு குடும்பம் இறங்கியது, பாயும் வாளியுமாக. அப்புறம் ஒரு போலீஸ்காரர். பெட்டியைக் கூட்ட ஆள் ஏறும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"பவுனு?"

"வெளிய வந்து ஒரு வாரம் ஆச்சு."

"மணலைத் தோண்டினியளா?"

"இல்ல."

"தோண்டாதீங்க."

"தோண்டல."

பின்னால் பேத்தி சிணுங்குவது கேட்டது. தட்டிக்கொடுக்கிற சத்தமும் கேட்டது.

"இப்ப எங்க இருக்கிய?" என்றாள்.

"வீட்ல."

"மணி ரெண்டுதான ஆவுது."

"ஆமா. இப்பல்லாம் மத்தியானம் வீட்லதான்."

 வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

"புஷ்பம், மழையில வேலை ஒண்ணுமில்ல. நான் அங்க வாரட்டா?"

"வாங்க" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "வந்து பேத்தியப் பாத்துட்டுப் போங்க."

சரி என்றேன்.

"எங்கம்மா போட்டோ ஒண்ணு ஹால்ல மாட்டியிருக்கு. வரும்போது அதக் கொண்டாங்க. கண்ணாடி பத்திரம்."

"தொட்டி? அத என்ன செய்ய?"

"அத நீங்க வச்சுக்கிடுங்க."

நவம்பர் 18, செவ்வாய்

மாமியார் போட்டோவை இறக்கினேன். சுவரில் சதுரமாக வெள்ளை விட்டுப்போயிருக்கிறது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் தெர்மாகோல் வைத்தேன், அந்த மீன் வந்த பெட்டியை அறுத்து. மேலே சாக்கு. வெள்ளிக்கிழமை ரயில். போக மட்டும் டிக்கெட் போடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். போக வரவே போட்டேன். நான் இல்லாத நாளில் மத்தியானம் வந்து இரை போட ஏசுவடியானிடம் சாவி கொடுக்க வேண்டும். மணலைத் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு தலையாட்டுவார். தொடாமல் இருக்க வேண்டும்.

நவம்பர் 19, புதன்

மழை. மத்தியானம். லைட் எரிகிறது. புதியது பன்னிரண்டு மணிக்கு எழுந்து, தனியாகச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினேன்.

மூலையில் மணல் அப்படியே இருக்கிறது. ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பேன்.